ஆறாவது ஆணி

என் அப்பாவுக்கு மீசை வைப்பதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா ஆராதனைக்குப் போயிருந்தாள். சவரக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து அப்பாவை வரைந்துகொண்டிருந்தேன். கண்ணாடியின் ஓரத்தில் ரசம் போய், ஒரு காது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டுதான் தெரிந்தது. வீட்டை விட்டுப் போனபோது அவருக்கு இருபத்தாறு வயது. எனக்கு இப்போது முப்பத்துமூன்று. என் கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையை அவருக்குப் போடக் கூடாது, பின்வாங்கிப்போன முடியை முன்னால் கொண்டுவர வேண்டும், கன்னத்தை நிரப்ப வேண்டும். பெற்ற அப்பனைவிட ஏழு வயது மூத்தவனாக உட்கார்ந்து அவரை இளைஞராக்குகிற வேலை எனக்கு வாய்த்திருந்தது. வேறு யாருக்காவது வாய்த்திருந்தால் சிரித்திருப்பேன். மீசை வைத்தேன், அழித்தேன், மறுபடி வைத்தேன். பட்டாளத்துக்குப் போனவருக்கு மீசை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா பெயர் தேவசகாயம். நாற்பத்திரண்டில் வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். வெள்ளைக்காரன் பர்மா எல்லையில் ரோடு போட ஆள் எடுத்த காலம் அது. துப்பாக்கி கிடையாது, மண்வெட்டிதான். ஆனால் காக்கிச் சட்டை உண்டு. எங்கள் பக்கத்துச் சேரிகளிலிருந்து போன பலர் உடம்பில் முதன்முதலாக ஏறிய சட்டை அதுதான் என்று சொல்வார்கள். அசாமிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. இங்கே விடாத மழை, வெட்டிப் போட்ட மண் நிற்கமாட்டேன் என்கிறது, பையனைக் கேட்டதாகச் சொல்லவும். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. செத்தார் என்றும் தாள் வரவில்லை, இருக்கிறார் என்றும் வரவில்லை. அந்தச் சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், சீனாக்காரனோடு ஒரு சண்டை, பாகிஸ்தானோடு இரண்டு சண்டை வந்து போயின. அம்மா மட்டும் அந்த முதல் சண்டை முடிந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் பெயர் கங்கையம்மாள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவள். பேரையும் மாற்றவில்லை, பொட்டையும் விடவில்லை. புதிதாக வந்த பாதிரியார் ஒருவர் அழிக்கச் சொல்லிப் பார்த்தார். "பொட்டு சாமிக்கு வெச்சதில்லிங்க அய்யா. அவுருக்கு வெச்சது. அவுரு வந்து அழின்னா அழிச்சிடறேன்" என்றாள். முப்பது வருஷமாக ஒரு சாயப்பட்டறைக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறாள், நூல் அலசக் கூப்பிட்டால் அலசுகிறாள். உள்ளங்கை ரேகையெல்லாம் அரக்குச் சிவப்பு. கழுத்தில் மஞ்சள் கயிறு கறுக்கக் கறுக்க மாற்றிக் கட்டிக்கொள்வாள். தெருவில் முன்பின் தெரியாத ஆள் யாராவது வழி கேட்டு நின்றால், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருப்பாள். அந்த ஆள் நகர்ந்ததும் உட்காருவாள். சிறுவயதில் நானும் கூடவே எழுந்து நின்றேன். பிறகு எப்போதோ நிறுத்திவிட்டேன்.

அவள் கட்டுக்கழுத்தியா, அதாவது புருஷன் உயிரோடு இருக்கிறவளா, இல்லையா என்பது எங்கள் தெருவுக்கே தீராத வழக்கு. சில வீடுகளில் நலங்கு வைக்கக் கூப்பிடுவார்கள். சில வீடுகளில், "வாக்கா, உள்ள வந்து ஒக்காரு" என்று மரியாதையாகச் சொல்லி மூலையில் உட்கார வைப்பார்கள். எனக்கு இரண்டு முறை பெண் பார்த்தார்கள். இரண்டும் பத்திரிகை அடிக்கிற இடத்தில் நின்றது. அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடாவிட்டால் பெண் வீட்டார் ஒப்பவில்லை. போட்டால் அம்மா ஒப்பவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் பிரம்மச்சாரி.

மெட்ராஸில் ஓவியம் படித்தேன். கோடு என்றால் என்ன, வெற்றிடம் என்றால் என்ன என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். என்னோடு படித்தவர்கள் சிலர் கடற்கரைப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டு ஒன்றாக இருந்து வரைகிறார்கள். எனக்கும் அங்கே இடம் உண்டு என்று எட்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறார்கள். நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு சங்கத்தில் கட்டத்தாளில் டிசைன் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டம் ஒரு இழை. பாதி யாளி போட்டால் போதும், மறுபாதியைத் தறியில் திருப்பிக் கட்டிக்கொள்வார்கள். அம்மாவை மெட்ராஸுக்கு வா என்று கூப்பிட்டேன். ஒரே பதில்தான்: "அவுரு வந்தா இந்த வூட்டத்தானே தேடுவாரு?" வீடு என்றால் திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் இரண்டு அறை, ஓடு போட்டது. அவர் போகும்போது அது கூரை. வந்தால் அதுவே அடையாளம் தெரியாது என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை.

இந்தப் படங்களுக்குக் காரணம் அர்ஜுனன். பள்ளியில் என்னோடு படித்தவன், நிலபுலம் உள்ள வீடு, இப்போது கட்சியில் இருக்கிறான், இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர். சுதந்திர வெள்ளி விழாவுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் படங்களை மன்றத்துக் கூடத்தில் வைப்பது என்று தீர்மானம் போட்டுவிட்டு வந்தான். "ஊர், சேரின்னு பிரிச்சிப் பாக்காம எல்லாரையும் ஒரே செவுத்துல மாட்டறோம்பா. இத்த மொதல்ல எழுதிக்கோ" என்றான். எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் அவன் அப்பா இருந்த காலத்தில் அப்படி ஒரு சுவர் இருந்ததில்லை என்பதும் உண்மை. அவன் அப்பா என் அம்மாவை "ஏ கங்கே" என்று வரப்பிலிருந்து கூப்பிடுவார். இவன் "அம்மா" என்கிறான். சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும், நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று.

எனக்கு முகம் வரைய ஆசை இல்லை. வெறும் சட்டைகளை வரைகிறேன் என்றேன். ஆறு காக்கிச் சட்டைகள், கழுத்துப் பட்டை திறந்து, உள்ளே ஆள் இல்லாமல். சாயப்பட்டறையில் நூலெல்லாம் குடித்துவிட்டு மிஞ்சிய சாயத் தண்ணீரை அம்மாவிடம் கேட்டு வாங்கி, அதிலேயே வண்ணம் பூசுவதாக மனத்தில் ஒரு கணக்கு. அர்ஜுனன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "மூஞ்சி இல்லாத படத்துக்கு ஆரத்தப்பா கும்புடறது? ஊட்டுக்காரங்க வந்து தேடுவாங்கல்ல?" என்றான். அதற்கு என் ஓவியக் கல்லூரி எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சாயத் தண்ணீரில் பூசுவதை மட்டும் விடவில்லை, எதற்கென்று சொல்லாமல் அம்மாவிடம் வாங்கிக்கொண்டேன்.

ஆறு பேரில் மூன்று பேருக்குத்தான் போட்டோ இருந்தது. அறுபத்தைந்தில் போன வாலாஜாபாத் ராமலிங்கமும், போன டிசம்பரில் போன இன்னும் இரண்டு பேரும் ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்துவைத்திருந்தார்கள், அதைப் பார்த்து வரைந்துவிட்டேன். பர்மாவுக்குப் போன மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய், அவர் ஜாடையில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். தென்னேரியில் அப்பாதுரை என்று ஒருவர். அவருக்கு அண்ணன் தம்பி இல்லை. தங்கை பூவம்மாள்தான் அச்சு அசல் என்று தெருவே சொன்னது. அந்த அம்மாள் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மூக்குத்தி படத்தில் விழுந்துவிடப் போகிறதே என்று ஒரு விரலால் மூக்கை மறைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைத் தாளில் ஆணாக்கினேன். முடித்துக் காட்டியதும் மூக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "எங்கண்ணன் இவ்ளோ கெழவனா ஆயிட்டானா?" என்றாள். பிறகு அழுதாள். நான் இளமையாக்கித் தருகிறேன் என்றேன். "வேணாம்பா, இருக்கட்டும். கூடவே வளந்த மாரி கீது" என்று சொல்லிவிட்டாள். இரண்டாமவருக்கு மகன் ஜாடை. மூன்றாமவர் என் அப்பா.

அப்பாவைப் பட்டியலில் சேர்த்தது நான்தான். அர்ஜுனன் கேட்கக்கூட இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்ட அட்டை எழுதிக்கொண்டிருந்தான், அவன் கையெழுத்து நன்றாக இருக்கும். பெயர், ஊர், மறைவு. "உங்கப்பாவுக்கு இன்னா போடறது?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். காணாமற்போனவர் என்று போடச் சொல்லியிருக்கலாம். பெயரை மட்டும் போடச் சொல்லியிருக்கலாம். அன்று காலையிலிருந்து கட்டத்தாளில் எண்ணூறு கட்டம் நிரப்பிவிட்டு வந்திருந்தேன், கண் எரிந்தது என்று காரணம் சொல்லலாம். அது காரணமில்லை. எனக்கு அவர் சாக வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டிவிட்டால், அதை அம்மா ஒரு நாள் அழுது தீர்த்துவிட்டால், அப்புறம் ஒரு மனிதன் பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகலாம். "நாப்பத்திரண்டுன்னு போட்டுக்கோ" என்றேன். அவன் போட்டுக்கொண்டான். அம்மாவிடம் படம் வரைவதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவள் படிக்கத் தெரியாதவள், பட்டறையையும் ஆராதனையையும் விட்டால் எங்கும் போகாதவள் என்பதெல்லாம் அப்போது எனக்கு வசதியாக இருந்தது.

விழாவன்று காலையில் கொடி ஏற்றியதும் கூடத்தைத் திறந்தார்கள். நான் உள்ளே போனபோது ஆறு படங்களுக்கும் சந்தன மாலை போட்டிருந்தது. உயிருள்ள ஆட்களையும் போட்டோவையும் பார்த்து வரைந்த முகங்கள், கண்ணாடி போட்டுச் சட்டமடித்தவை, அதற்கு மேல் பழுப்பு நிறத்தில் சந்தனச் சீவல் மாலைகள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. செத்தவர் படம் என்றால் மாலை உண்டு, அவ்வளவுதான். பூவம்மாளின் முகத்திலும் மாலை தொங்கியது. கடைசியாக, ஆறாவது ஆணியில், மாலைக்கு நடுவிலிருந்து நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குக் கீழே பை இல்லை, முடி இருக்கிறது, மீசை இருக்கிறது. ஆனாலும் நான்தான். எத்தனை மணிநேரம் பார்த்து வரைந்தேன், வரையும்போது இது தெரியவில்லை. மாலையை எடுக்கச் சொல்லலாம் என்று அர்ஜுனனைத் தேடினேன். அவன் ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருந்தான்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் விழாவுக்குப் போனவள் திரும்பிப் பட்டறைக்கு ஓடி, "உன் வூட்டுக்காரரு படம் மாட்டிக்கிறாங்கக்கா, உன் புள்ளதான் எழுதனானாமே, நீ போவலியா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள், சிவந்த கையோடு. புடவையை மட்டும் உதறிக் கட்டியிருந்தாள். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, கும்பிட்டு, நகர்ந்தாள். அவசரமாக வந்தவள் ஏன் அப்படி நிதானமாகப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கடைசிப் படத்துக்கு வருவதற்குப் பயந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆறாவது படத்தின் முன்னால் வந்து நின்றாள். கை கும்பிடப் போய் நடுவில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்புறம் ஒரு சத்தம் போட்டாள். அது அழுகை இல்லை. மாடு வயலில் இறங்கினால் போடுகிற சத்தம். எட்டி மாலையைப் பிடித்து இழுத்தாள். சீவல் உதிர்ந்து அவள் தலையில் கொட்டியது.

"உயிரோட நிக்கிற புள்ளைக்கு மாலை போடுவீங்களா? உங்க கையி வெளங்குமா?"

அர்ஜுனன் ஓடி வந்தான். "அம்மா, அம்மா, அது சாமுவேலு இல்லம்மா. உங்க வூட்டுக்காரரு. சாமுவேலுதான் அவரு மாரி எழுதிக்கிறான்."

"எனக்குத் தெரியாதா என் புள்ள மூஞ்சி? பெத்தவ நானு, நீ சொல்றியா?"

கூடத்தில் இருந்த நாற்பது ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அர்ஜுனன் என்னைப் பார்த்தான். நீயே சொல்லேன் என்கிற பார்வை. நான் என்ன சொல்வது? இது அப்பா என்றால் அவர் செத்துவிட்டார். இது நான் என்றால் நான் செத்துவிட்டேன். ஸ்டூலில் ஏறி, படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி கீழே வைத்தேன். ஆணி மட்டும் நின்றது. அம்மா உதிர்ந்த சீவலைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். அடுத்தவர் கூடத்தைக் குப்பையாக்கிவிட்டோமே என்று அவளுக்கு.

அவளைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முகம் கழுவினாள். குழாய்த் திட்டில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. உள்ளே அர்ஜுனன் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது, தியாகம், தியாகம் என்று.

"எம்மா, எல்லாரும் சொல்றாங்க நான் அப்பா மாரியே இருக்கேன்னு. நீயே எத்தினி வாட்டி சொல்லிக்கிறே. அதனாலதான் என்னைப் பாத்து எழுதனேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் சொன்னது நெஜந்தான். நீ சின்னதுல அவுரு மாரியேதான் இருந்தே. அப்பால நீ வளர வளர, அவுர நெனச்சா உன் மூஞ்சிதான் வருது சாமுவேலு. அவுரு மூஞ்சி எங்க போச்சின்னே தெரில. கொரல் கீது. நடை கீது. மூஞ்சி இல்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெருவுல எவனாச்சும் வந்து நின்னா ஏன் எழுந்துக்கிறேன்னு நெனச்சிக்கினுகீறே? அடையாளம் தெரிஞ்சா எழுந்துக்கிறேன்? தெரிலன்னுதான் எழுந்துக்கிறேன். அவுரா இருந்து, நான் ஒக்காந்துக்கினே இருந்துட்டா?"

முப்பது வருஷம் அவள் காத்திருப்பதை நம்பிக்கை என்று நினைத்து அலுத்துப்போயிருந்தேன். அது பயம் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. குழாயைச் சரியாக மூடாமல் விட்டிருந்தாள், எழுந்து மூடினேன்.

மறுநாள் காலையில் பழையசோற்றைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "அந்த ஆணி சும்மாவா கீது?"

"ஆமா. படத்த எடுத்தாந்துட்டேனே."

"மத்தவங்கல்லாம் அங்கியே கீறாங்க, இல்ல?"

"இருக்காங்க."

"அப்ப இவுரு மட்டும் போவவே இல்லன்னு ஆவாது? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? அஞ்சி பேருதான் போனாங்கன்னு நெனப்பாங்க."

படம் இருந்தால் செத்தவர். இல்லாவிட்டால் போகாதவர். நடுவில் ஒரு இடம் ஓவியத்தில் கூட எனக்குத் தெரியவில்லை. அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "பட்டறைக்குச் சொல்லி அனுப்பிட்டேன். நட" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் வேலைக்குப் போகாமல் நின்றது எனக்கு ஞாபகமில்லை.

கூடத்தில் ஆறாவது ஆணிக்குக் கீழே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அர்ஜுனன் வந்தான். "இன்னாபா இது, அம்மா ஏன் அங்க ஒக்காந்துக்கினுகீறாங்க?" என்று என் காதில் கேட்டான். தெரியவில்லை என்றேன். "கலாட்டா கிலாட்டா பண்ண மாட்டாங்கல்ல?" என்றான். பண்ண மாட்டாள் என்றேன். அவன் அவளிடம் போய், "அம்மா, காத்தாட வெளிய ஒக்காரலாமே" என்று சொல்லிப் பார்த்தான். "இருக்கட்டும் நைனா, இவுருக்குன்னு ஆள் இருக்கணுமில்ல" என்றாள். அவன் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தே அறியாதவள். நைனா என்ற சொல்லில் அவன் கொஞ்சம் குளிர்ந்து போயிருக்க வேண்டும். விட்டுவிட்டான்.

அவள் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் அட்டை அப்படியே ஒட்டியிருந்தது. படத்தைக் கழற்றிய நான் அதை மறந்திருந்தேன். அம்மா அதை விரலால் தொட்டாள்.

"இதுல இன்னா எழுதிக்கீது? படி."

அர்ஜுனன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். மூன்று வரிகள். முதல் வரியைப் படித்தேன்: தேவசகாயம். இரண்டாவது வரியைப் படித்தேன்: எங்கள் தெருப் பெயரும் ஊர்ப் பெயரும். அங்கே நின்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"மூணு கோடு கீற மாரி தெரிது."

கட்டத்தாள் வெட்டுகிற பிளேடு எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். எடுத்து, அட்டையின் மூன்றாவது வரியைச் சுவரோடு வைத்து அறுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. அர்ஜுனன் ஒரு அடி முன்னால் வந்து நின்றான், அவன் எழுத்தல்லவா. துண்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. யார் எழுதச் சொன்னது என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்று முழுக்க உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் ஐந்து படங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆறாவதாக அவளிடம் வந்து தடுமாறினார்கள். சிலர் காவலுக்கு உட்கார வைத்த ஆள் என்று நினைத்து, கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். தேவசகாயத்தை அறிந்த கிழவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று ரயில் ஏறிய கதையைப் பேசினார்கள். ஒருவர் அவர் குட்டை என்றார், மற்றவர் நெட்டை என்றார். அம்மா இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, "இவங்களும் சண்டைக்குப் போனாங்களா சார்?" என்று வாத்தியாரைக் கேட்டார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் எங்கோ பார்த்தேன். வெறும் சட்டைகளை மாட்டியிருந்தாலும் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. நான் வரைந்த ஐந்து படங்களும் அவள் பக்கத்தில் சும்மா படங்களாக இருந்தன. பொறாமையாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. பட்டறையில் முப்பது வருஷம் நின்ற உடம்பு, உட்கார்ந்து பழக்கமில்லை. சாயங்காலம் எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பெண்களுக்கு என்று வைத்திருந்தார்கள். அர்ஜுனனின் மனைவி கிருஷ்ணவேணி பத்துப் பதினைந்து பெண்களோடு வந்தாள். நல்ல பெண். என்னைப் பார்த்தால் "சார்" என்பாள். கையில் வெள்ளித் தட்டு, சந்தனம், குங்குமம், கொஞ்சம் பூ. முதல் படத்தின் கண்ணாடியில், நெற்றி இருந்த இடத்தில், மோதிர விரலால் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள், பூவைச் சட்டத்தில் செருகினாள், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். இரண்டாவது படம். மூன்றாவது படம். பின்னால் மற்றப் பெண்கள் வரிசையாக நின்று கும்பிட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். அப்பாதுரையின் படத்துக்கு வைத்தபோது விரல் மூக்குப் பக்கம் கொஞ்சம் வழுக்கி, பூவம்மாளின் மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. துடைத்துவிட்டாள். ஐந்தாவது படம் முடிந்தது. அந்தப் பழக்கத்திலேயே மோதிர விரலைக் குங்குமத்தில் தொட்டுக்கொண்டு, தட்டை இடக்கையில் ஏந்தி, ஒரு அடி எடுத்து வைத்து, நிமிர்ந்தாள்.

எதிரே என் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் கட்டுக்கழுத்திக்குத்தான் குங்குமம் நீட்டுவார்கள். மற்றவளிடம் தட்டு வராது, அடுத்தவளிடம் போய்விடும். அப்படிப் போவதில் யாருக்கும் கோபம் கூட வராது, அவ்வளவு பழகியது. அப்படி நீட்டினாலும் எங்கள் சேரித் தெருக்காரிக்கு ஊர்த் தெருக்காரி தட்டைத்தான் காட்டுவாள். தொட்டு நெற்றியில் வைக்கிற வழக்கம் அர்ஜுனன் அப்பா காலத்தில் இல்லை, இந்தக் காலத்திலும் நான் பார்த்ததில்லை. கிருஷ்ணவேணியின் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் கண் அம்மாவின் கழுத்துக்குப் போனது, பொட்டுக்குப் போனது, தலைக்கு மேலே வெறும் ஆணிக்குப் போனது, மறுபடி முகத்துக்கு வந்தது. பின்னால் வரிசை நின்றுவிட்டது. "இன்னாக்கா, போவலாமே" என்று யாரோ சொன்னார்கள். வாசலிலிருந்து அர்ஜுனன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

அம்மா தட்டுக்குக் கை நீட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கன்னத்தில் வந்து விழுந்திருந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, முகத்தை மட்டும் நிமிர்த்தி, அந்த விரலுக்கு நேராக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.